ஊர் நிலம் யார் பேரில்?

(நமது சங்கத்தின் ஞாயிற்றுக்கிழமை மாதக் கூட்டத்தில் மூத்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. பேச்சின் போக்கு மாறாமல் வெளியிடுகிறோம்.)

செயலாளர் என்னைக் கூப்பிட்டு, "அண்ணே, இந்த மாதம் காவிரி வேண்டாம், தேர்தலும் வேண்டாம், ஊரைப் பற்றிப் பேசுங்கள்" என்றார். ஊரைப் பற்றிப் பேசச் சொன்னால் நம்மில் யாருக்குத்தான் பேச வராது? வண்டி அத்திபெலே தாண்டி ஓசூர் எல்லைக்குள் நுழைந்ததும் நமக்கெல்லாம் குரலே மாறிவிடுகிறது. ஆனால் நான் ஊர்ப் பெருமை பேச வரவில்லை. ஊரில் நமக்கு இருக்கிற அரை ஏக்கர், ஒரு ஏக்கர் நிலத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அந்த நிலத்தில் இன்று யார் உழைக்கிறார்கள், பட்டா யார் பேரில் இருக்கிறது, இந்த இரண்டு கேள்விதான் என் பேச்சு.

என் ஊர் அரூர் வட்டத்தில், சித்தேரி மலைப் பக்கம் ஒரு சிற்றூர். மழையை நம்பிய காடு. கேழ்வரகு, கடலைக்காய், மரவள்ளி, வரப்போரம் துவரை. நாலு புளியமரம். ஏரி நிரம்பினால்தான் நெல் உண்டு. ஏரி எத்தனை வருடத்துக்கு ஒருமுறை நிரம்பும் என்பது உங்களுக்கே தெரியும். கிணறு வற்றி, ஆழ்துளைக் கிணறு போட்டு, அது ஆயிரம் அடிக்குப் போயும் புழுதி வந்த கதை தருமபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலைக்காரர் எல்லோருக்கும் பொதுக் கதை. குடிக்கிற தண்ணீரில் ஃப்ளோரைடு. பல்லில் காவிக்கறையைப் பார்த்தே எந்தப் பக்கத்து ஆள் என்று மேஸ்திரிகள் சொல்லிவிடுவார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அதிலிருந்து கொஞ்சம் விடுதலை.

இப்படிப்பட்ட ஊரிலிருந்து ஆண்கள் கிளம்பி வந்தோம். தோட்ட வேலைக்கு, மில் வேலைக்கு, பிறகு சென்ட்ரிங், கம்பி கட்டுகிற வேலைக்கு. குடும்பத்தோடு வந்தவர்களும் உண்டு, சித்தாளாக இங்கே செங்கல் சுமந்த நம் பெண்களை நான் மறக்கவில்லை. ஆனால் பாதிக் குடும்பங்களில் நடந்தது வேறு. ஆண் இங்கே, பெண் அங்கே. பொங்கலுக்கும் மாரியம்மன் திருவிழாவுக்கும் நாம் போகிறோம். மற்ற நாளெல்லாம் ஊர் பெண்கள் கையில் இருக்கிறது. விதைப்பது அவள், களை எடுப்பது அவள், கடலைக்காய் பிடுங்கி ஆய்வது அவள், விடிகாலை பால் கறந்து சொசைட்டிக்குக் கொண்டுபோவது அவள். நூறு நாள் வேலை 2006இல் தொடங்கியபோது தமிழ்நாட்டில் ஏரி வேலைக்கு மண்வெட்டி எடுத்து வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

பட்டாவில் மட்டும் அவள் இல்லை. 2015-16ஆம் ஆண்டின் வேளாண் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சாகுபடி நிலம் வைத்திருப்பவர்களில் பெண்கள் சுமார் 14 விழுக்காடு. நூற்றில் பதினாலு! காட்டில் போய் எண்ணினால் எத்தனை வரும் என்று நீங்களே சொல்லுங்கள்.

பட்டா என்ன வெறும் காகிதம்தானே என்று சிலர் கேட்பார்கள். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் பட்டா, அடங்கல். வறட்சி நிவாரணம் வந்தால் பட்டாவில் பெயர் உள்ளவருக்கு. 2019இல் ஆண்டுக்கு 6,000 ரூபாய் விவசாய உதவித்தொகை என்று மத்திய அரசு கொண்டுவந்தது, அதுவும் நில ஆவணத்தில் பெயர் உள்ளவருக்கே. மண்ணைக் கொத்துகிறவள் ஒருத்தி, பணம் வருவது பெங்களூரில் இருக்கிறவன் கணக்கில், இல்லாவிட்டால் செத்துப்போன மாமனார் பேரில் முடங்கிக் கிடக்கும்.

தோழர்களே, உலகமெல்லாம் இப்படித்தான் என்று நான் வெகுநாள் நினைத்திருந்தேன். இல்லை என்று எனக்கு முதலில் சொன்னவர் என் தாய்மாமன். அவர் மலேயாவில், நெகிரி செம்பிலான் மாநிலத்தில், சிரம்பானுக்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினார். 1969க்குப் பிறகு வேலை அனுமதிச் சீட்டுக் கெடுபிடியில் திரும்பி வந்த பல்லாயிரம் தமிழரில் அவரும் ஒருவர். திண்ணையில் உட்கார்ந்து அவர் சொல்லுவார்: "தோட்டத்துக்குப் பக்கத்திலே மலாய்க்காரங்க கம்பம். அங்கே வீடும் வயலும் பொம்பளைங்களது. கல்யாணம் ஆனா மாப்பிள்ளைதான் பெட்டியைத் தூக்கிக்கிட்டு பொண்ணு வீட்டுக்குப் போவான்." நாங்கள் சிரிப்போம். மாமா கதை விடுகிறார் என்று நினைத்தோம்.

கதை இல்லை. அந்த மக்களின் முன்னோர் சுமத்ரா தீவின் மேற்கிலிருந்து வந்த மினாங்கபாவு மக்கள். இந்தோனேசியாவில் புக்கிட்டிங்கி என்ற மலை நகரத்தைச் சுற்றி இன்றும் அவர்கள் ஊர்கள் இருக்கின்றன. அவர்களும் நம்மைப் போலவே சிறு விவசாயிகள், நம்மைப் போலவே ஊரைவிட்டுப் போகிறவர்கள். அதனால்தான் அவர்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன்.

எரிமலை அடிவாரம், நல்ல மண். படிப்படியாக இறங்கும் நெல்வயல், எருமை, வயலோரம் மிளகாய், மேட்டில் காப்பி, இலவங்கப்பட்டை. வாரத்தில் ஒருநாள் சந்தை. மக்கள் இஸ்லாமியர், ஊருக்கு ஒரு பள்ளிவாசல், அதைச் சுற்றிச் சிறு தொழுகைக் கூடங்கள். கூரை எருமைக் கொம்பு மாதிரி இரு பக்கமும் மேல்நோக்கி வளைந்திருக்கும் பெரிய வீடு. அந்த வீடு தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு. பரம்பரை வயலும் அப்படியே. பிள்ளைகள் தாயின் குலத்தைச் சேர்ந்தவர்கள். வீட்டில் மகள்களுக்குத்தான் அறை. பையன் கொஞ்சம் வளர்ந்ததும் தொழுகைக் கூடத்தில் மற்றப் பையன்களோடு படுத்துக்கொள்ள வேண்டும். இது பழைய வழக்கம், இப்போது குறைந்துவிட்டது. கல்யாணமாகும் வரை அவனுக்கு ஊரில் சொந்தமாக ஒரு மூலை கிடையாது. அதனால் அவன் வெளியூர் போகிறான். இப்படிப் பிழைப்புக்கு ஊரைவிட்டுப் போவதற்கு அவர்கள் மொழியில் மெரந்தாவ் என்று பெயர். ஜகார்த்தாவிலும் மேடானிலும் மலேசியாவிலும் தெருவுக்குத் தெரு பாடாங் சாப்பாட்டுக் கடை என்று இருக்கும்; அவற்றைத் தொடங்கிப் பரப்பியவர்கள் இந்தப் பையன்கள். ஜவுளி விற்றார்கள், படித்தார்கள், அரசியலில் நுழைந்தார்கள். இந்தோனேசியாவின் முதல் துணைக் குடியரசுத் தலைவர் முகமது ஹத்தா அந்தச் சமூகத்தில் பிறந்தவர்.

இப்போது கவனியுங்கள். அங்கேயும் ஆண் வெளியூர் போகிறான், பெண் ஊரில் வயலைப் பார்க்கிறாள். இது வரைக்கும் நம் ஊர்தான். வித்தியாசம் ஒன்றே ஒன்று. அவன் போனாலும், தொலைந்தாலும், இன்னொரு குடும்பம் பண்ணிக்கொண்டாலும் அவள் காலடி மண் அவளுடையது. அவளைக் கேட்காமல் அதை யாரும் கைமாற்ற முடியாது. பரம்பரை நிலத்தை விற்பதை வழக்கம் அனுமதிப்பதில்லை. அடகு வைக்கவும் நான்கு காரணம்தான் சொல்லியிருக்கிறார்கள். வயது வந்த பெண்ணுக்குக் கல்யாணம் ஆகாமலிருந்தால், வீட்டில் சாவு விழுந்து பிரேதம் கிடந்தால், பெரிய வீட்டுக் கூரை ஒழுகினால், குலத்தலைவர் பட்டத்தை ஏற்று நடத்த வேண்டியிருந்தால். சீட்டுக் கடனுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அந்தப் பட்டியலில் இடமில்லை!

மகள் இல்லாத குடும்பத்தை அங்கே அற்றுப்போன குடும்பம் என்பார்கள். நம் பக்கத்தில்? பெண் சிசுக்களைக் காப்பாற்ற அரசாங்கம் 1992இல் சேலத்தில் தொட்டில் வைத்தது. 2001இல் அதே தொட்டிலை எங்கள் தருமபுரிக்கும் கொண்டுவர வேண்டியிருந்தது. மண் நம் மண்ணைவிட அங்கே நல்ல மண் என்பது உண்மை. ஆனால் பெண் பிறந்தால் செலவு என்ற பயம் மண்ணின் தரத்தால் வருவதில்லை.

அது சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. சொந்தம் பெண்ணுடையது என்றாலும் அதிகாரம் அவள் சகோதரனிடம். மாமக் என்று அவனுக்குப் பெயர். நம் மாமன் போலவே ஒலிக்கிறது, காது குத்துவது முதல் கல்யாணம் வரை நம் தாய்மாமனுக்கு இருக்கிற பொறுப்புகளைவிடக் கூடுதல் பொறுப்பு. குலத்தலைவர்களும் ஆண்களே. நல்ல மாமன் அமைந்தால் வயல் நிற்கும், கெட்டவன் அமைந்தால் நாலு காரணம் பத்துக் காரணமாகிவிடும். வழக்கத்தை மீறி விற்றதும் உண்டு. தலைமுறைக்குத் தலைமுறை பங்கு சிறுத்து, ஒரு வயல் ஒரு குடும்பத்துக்கு ஆகாமல், பெண்களும் இப்போது நகரத்துக்குப் போகிறார்கள். சொந்தமாகச் சம்பாதித்த சொத்துக்கு இஸ்லாமியச் சட்டப்படி மகனுக்கு இரண்டு பங்கு, மகளுக்கு ஒன்று. பரம்பரைச் சொத்து வழக்கப்படி, சம்பாத்தியம் மதச் சட்டப்படி என்று 1952இல் புக்கிட்டிங்கியில் கூடிப் பேசி ஒப்புக்கொண்டார்கள். என் மாமா பார்த்த நெகிரி செம்பிலானில், பெண்கள் பேரில் உள்ள குலநிலம் வெளியாருக்குப் போகாதபடி 1909இலேயே ஆங்கிலேயர் ஆட்சியில் தனிச் சட்டம் போட்டார்கள். அதே ஆட்சியில் பக்கத்து வேலிக்குள் இருந்த நம் தமிழ்ப் பெண்ணுக்கு லயத்தில் ஒரு அறைகூடச் சொந்தமில்லை. அதையும் மாமா சொல்வார்.

தாய்வழி நமக்கு அன்னியம் என்றும் நினைக்க வேண்டாம். நாகர்கோவில், சுசீந்திரம், பூதப்பாண்டிப் பக்கம், நாஞ்சில் நாட்டு நெல்வயல்களில் வேளாளர் குடும்பங்கள் மருமக்கள்வழி முறையில் இருந்தார்கள். மாமன் சொத்து மருமகனுக்கு, அதாவது சகோதரியின் மகனுக்கு. அங்கே என்ன நடந்தது? குலச் சொத்து முழுவதும் காரணவர் என்ற ஒரு ஆண் கையில். அவர் கண்மூடியதும் அவருடைய மனைவி மக்கள் நடுத்தெருவில். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை மருமக்கள்வழி மான்மியம் எழுதி அந்த அநியாயத்தைச் சந்தி சிரிக்க வைத்தார். 1926இல் திருவிதாங்கூர் அரசு சட்டம் போட்டு முறையை மாற்றியது. ஆகவே தாய்வழி என்ற பெயர் மட்டும் போதாது. பெண்ணின் பேரும் வேண்டும், பெண்ணின் கையெழுத்தும் வேண்டும். இரண்டில் ஒன்று மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு நாஞ்சில் நாடு ஒரு சாட்சி. இன்னொரு சாட்சி என் வீட்டிலேயே இருக்கிறது.

நம் நாட்டுச் சட்டத்துக்கு வருகிறேன். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் பெரியார் தலைமையில் திரண்ட இயக்கம், பெண்களுக்கு ஆண்களைப் போலச் சொத்துரிமை வேண்டும் என்று தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டு கழித்து, 1989இல் கலைஞர் ஆட்சியில் தமிழ்நாட்டில் அது சட்டமானது. அந்த ஆண்டு மார்ச் 25ஆம் தேதிக்கு முன் கல்யாணமாகாத மகளுக்கு, கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனைப் போலவே பிறப்பால் பங்கு. கர்நாடகத்தில் 1994இல் வந்தது. 2005 செப்டம்பர் 9 முதல் இந்தியா முழுவதும், கல்யாணமான மகளுக்கும் சேர்த்து. அந்த நாளில் தகப்பன் உயிரோடு இருந்தானா இல்லையா என்று பார்க்க வேண்டியதில்லை என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவுசெய்து முடிந்த பாகப்பிரிவினையைக் கிளற முடியாது. இது இந்துக் குடும்பங்களுக்கு. கிறித்தவ, முஸ்லிம் தோழர்களுக்குச் சட்டம் வேறு, வழக்கறிஞரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

சட்டம் வந்ததும் என்ன நடந்தது தெரியுமா? சட்டம் வருவதற்கு முன் தங்கையைக் கேட்காமலே பங்கு போட்டுக்கொண்டோம். சட்டம் வந்த பிறகு தங்கையைக் கூட்டிக்கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கிப் பங்கு போட்டுக்கொண்டோம். விடுதலைப் பத்திரம் என்று அதற்கு அழகான பெயர். யாருக்கு விடுதலை?

நான் வாங்கியிருக்கிறேன், தோழர்களே. இதை மேடையில் சொல்லத்தான் இத்தனை பேச்சு பேசினேன். 1995இல் எங்கள் அப்பா தவறிப்போனார். இரண்டரை ஏக்கர் காடு, ஒரு ஓட்டு வீடு, கிணற்றில் கால் பங்கு. நானும் தம்பியும் பங்கு எழுதப் போனோம். பத்திரம் எழுதுகிறவர், "தங்கச்சிக்கு எப்போ கல்யாணம்?" என்றார். 1991 என்றோம். "அப்படின்னா பொண்ணு கையெழுத்து இல்லாம எழுதினா நாளைக்கு வில்லங்கம்" என்றார். மறுவாரம் அவளைக் கூட்டிக்கொண்டு போனோம். ஒரு பட்டுப் புடவை, 5,000 ரூபாய். என்ன எழுதியிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. பொறந்த வீட்டு உறவு அறுந்துவிடக் கூடாதே என்ற ஒரே பயத்தில் கையெழுத்துப் போட்டாள். வெளியே வந்து மூவரும் ஓட்டலில் பூரி சாப்பிட்டோம். அது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது.

2003இல் அவள் வீட்டுக்காரர் மஞ்சள் காமாலையில் போய்விட்டார். இரண்டு பிள்ளைகளோடு ஊருக்கே வந்தாள். பூட்டிக் கிடந்த ஓட்டு வீட்டைத் திறந்து கொடுத்தோம், பெரிய தர்மம் செய்வதுபோல. காட்டையும் அவளே பார்த்துக்கொண்டாள். அறுப்புக்கு அறுப்பு எனக்கும் தம்பிக்கும் ஆளுக்கொரு மூட்டை கேழ்வரகு பஸ்ஸில் போட்டு அனுப்புவாள். அவள் அப்பன் நிலத்தில் அவள் எங்களுக்கு வாரம் அளந்தாள், தோழர்களே. மோட்டார் வாங்கப் பயிர்க்கடன் கேட்டுப் போனபோது, பட்டாதாரர் வரட்டும் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். பட்டாதாரர்கள் இருவரும் பெங்களூரில் இருந்தோம்.

2020 மார்ச்சில் ஊரடங்கு. எல்லையை மூடுவதற்கு முன்னால் நான், மகன், மருமகள், இரண்டு பேரப்பிள்ளைகள் ஊர் போய்ச் சேர்ந்தோம். மூன்று மாதம் அந்த வீட்டில் இருந்தோம். கையில் ஒரு பைசா வருமானம் இல்லை. களியும் கீரையும் தயிருமாக அவள்தான் எங்களுக்குப் போட்டாள். ஒருநாள் ராத்திரி, "உனக்கு ரொம்பக் கஷ்டம் கொடுத்துட்டோம்மா" என்றேன். "என்னண்ணா இது, உங்க வீட்டுக்கு நீங்க வந்திருக்கீங்க" என்றாள். பதினேழு வருடம் அந்த வீட்டைக் கட்டிக் காத்தவள் சொல்கிறாள், உங்க வீடு என்று. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை.

1991 டிசம்பர் கலவரத்தில் இந்த நகரத்திலிருந்து பல்லாயிரம் தமிழர்கள் ஊரை நோக்கி ஓடினோம். 2016 செப்டம்பரில் பஸ்கள் எரிந்தபோது மறுபடி மூட்டையைக் கட்டிவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒவ்வொரு முறையும் நாம் ஓடியது எங்கே? அங்கே கதவைத் திறந்தது யார்? அம்மா, அக்கா, தங்கை, ஊரில் விட்டுவந்த மனைவி. நமக்கு ஊர் என்று ஒன்று இருப்பதே அவர்கள் அங்கே இருப்பதால்தான்.

என் பங்கான ஒன்றேகால் ஏக்கரையும் வீட்டில் என் பாதியையும் 2021இல் தங்கை பேருக்கு செட்டில்மெண்ட் எழுதிக் கொடுத்தேன். குடும்பத்துக்குள் எழுதுவதால் முத்திரைக் கட்டணம் குறைவு. பட்டா மாறி வர ஐந்து மாதம் ஆனது. என் மகன் இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை, இப்போது பேசுகிறான். தம்பி இன்னும் எழுதவில்லை. அவன் இந்தக் கூட்டத்துக்கு வரவில்லை, வந்திருந்தால் கோபித்துக்கொண்டு எழுந்து போயிருப்பான். முன்வரிசையில் இரண்டு பேர் முகத்தைப் பார்த்தால் அவர்களுக்கும் அந்த எண்ணம் இருக்கிறது போலத் தெரிகிறது. இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்களுக்கு நிலமே இல்லையே என்று பின்னால் ஒரு அம்மா சொல்கிறார். நியாயம். நம்மில் சரிபாதிப் பேர் சேரியிலிருந்து வந்தவர்கள், வரப்புகூடச் சொந்தமில்லாதவர்கள். செங்கல்பட்டு கலெக்டர் ட்ரெமென்ஹீர் 1891இல் எழுதிய அறிக்கையைப் பார்த்து, 1892இல் அரசு பஞ்சமி நிலம் ஒதுக்கியது. அது யார் யார் கைக்குப் போனது என்பது தனிக் கூட்டம் போட்டுப் பேச வேண்டிய விஷயம். ஆனால் ஒரு நல்ல செய்தி சொல்லலாம். 1968இல் கீழவெண்மணியில் 44 பேரைக் குடிசையோடு எரித்தார்களே, அந்தக் கீழத்தஞ்சைப் பகுதியில் கிருஷ்ணம்மாள் ஜெகந்நாதனும் அவர் கணவரும் 1981இல் லாஃப்டி என்ற அமைப்பைத் தொடங்கி, மிராசுகளிடம் பேசி நிலம் வாங்கி, ஆயிரக்கணக்கான நிலமற்ற குடும்பங்களுக்கு ஒரு ஏக்கர் வீதம் பிரித்துக் கொடுத்தார்கள். பத்திரம் பெண்கள் பேரில். ஆண் பேரில் இருந்தால் குடிக்கும் கடனுக்கும் போய்விடும் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

வயல் இல்லாதவர்களுக்கும் ஊரில் நத்தம் மனை இருக்கும். இங்கே நம் குடிசைப் பகுதிகளில் ஹக்குப் பத்திரம் கேட்டு எத்தனை முறை ஊர்வலம் போயிருக்கிறோம்! விண்ணப்பத்தில் பெயர் எழுதும்போது யார் பேரை எழுதச் சொல்கிறோம்? காலையிலிருந்து குழாயடியில் நின்று அந்த இடத்தைக் காப்பாற்றியவள் பேரையா?

அடுத்த மாதக் கூட்டத்துக்கு ஒரு வழக்கறிஞர் வருவதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார். ஊருக்குப் போகிறவர்கள் பட்டா நகலும் சிட்டாவும் வில்லங்கச் சான்றும் வாங்கி வாருங்கள். பட்டா அப்பா, தாத்தா பேரிலேயே இருந்தால் வாரிசுச் சான்றும் வேண்டும், அதில் அக்கா தங்கை பெயர் விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். பெண்கள் யாராவது ஏதாவது ஒரு காகிதத்தில் எப்போதோ கையெழுத்துப் போட்டிருந்தால், அது என்ன காகிதம் என்று தெரியாவிட்டாலும், போட்ட வருடத்தையும் ஆபீஸ் இருந்த ஊரையும் நினைவுபடுத்தி எழுதிக்கொண்டு வாருங்கள். பதிவு ஆபீஸில் தேடி எடுத்துவிடலாம். வீட்டுக்காரர் வரவில்லை என்றாலும் நீங்கள் வாருங்கள்.